நல்லசிவத்தின் துப்பாக்கி ஏன் சுடவில்லை

நல்லசிவம் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மேசை மேல் தொப்பென்று போட்டார். டீ கிளாஸ் கவிழ்ந்து, காலையில் நகல் எடுத்து வைத்திருந்த தாள்கள் நனைந்தன. குழலின் வாய் நேராக என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் காரியமாகக் கட்டையைப் பிடித்துத் துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

“உள்ள தோட்டா இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“சுடாத துப்பாக்கியில தோட்டா இருந்தா என்னம்மா, இல்லாட்டி என்ன?” என்றார்.

முப்பது வருடக் காவல் பணியில் முட்டாள்தனமான வாக்கியங்கள் நிறையக் கேட்டிருக்கிறேன். அவற்றுக்கு வரிசை போட்டால் இதற்குத்தான் முதலிடம். போல்ட்டைப் பின்னால் இழுத்தேன். சிவப்புத் தோட்டா ஒன்று துள்ளி விழுந்து மேசைக்கடியில் உருண்டது. அடிக்குழாயில் இன்னும் இரண்டு இருந்தன. வரப்புத் தகராறுக்கு மனுக் கொடுக்க வந்திருந்த ஒரு அம்மாள் இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சு மேல் வைத்துக்கொண்டார். அந்த அறையில் புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

உருண்ட தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். அதன் பித்தளை அடியில் நடுப்பொட்டின் மேல் எறும்பு கடித்தாற்போல் ஒரு சின்னத் தடம். தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி தொட்டிருக்கிறது, ஆனால் குத்தவில்லை.

“நாலு மாசம் உங்ககிட்ட இருந்துச்சு. நல்லாத்தான் குடுத்தன். பொணமாத் திருப்பிக் குடுத்திருக்கறீங்க” என்றார் நல்லசிவம். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

### ஆயுதங்கள் வந்த நாள்

ராசிபுரத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவே ஒரு ஊர். ஊர்ப் பெயரும் ஸ்டேஷன் பெயரும் வேண்டாம். அங்கே நான் தலைமைக் காவலர், ஸ்டேஷன் ரைட்டர். அதாவது எல்லோரும் செய்வதை எழுதிவைப்பது என் வேலை. ஊர்க்காரர்களுக்கு ஏட்டம்மா.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்தபின் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அந்த இரண்டு நாளும் ஸ்டேஷன் வாசல் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளை கார், டிரைவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். முன்னால் வருகிறவர் கையை வீசிக்கொண்டு வருவார்.

இவர்களில் பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்திருந்தவர் என்று நான் நம்பியது ஒரே ஒருவரைத்தான். மலையடிவாரத்து மரவள்ளிக்காட்டுக்காரர் அவர். பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை யூரியா சாக்கில் சுற்றி டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு வருவார். மற்றவர்களுக்கு அது நகை. வரவேற்பறையில் மானின் தலைக்குக் கீழே மாட்ட வேண்டியது. மானின் தலையும் பிளாஸ்டிக்.

நல்லசிவத்துடையது நகைகளில் உசத்தி. வெளிநாட்டுச் சரக்கு, தானியங்கி. ஒருமுறை போல்ட்டை இழுத்துவிட்டால் போதும். அதன்பின் ஒவ்வொரு வெடிக்கும் காலித் தோட்டாவைத் தானே துப்பிவிட்டு அடுத்ததை உள்ளே வாங்கிக்கொள்ளும். அவருக்கு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஒன்றும் பாக்குத் தோப்பும் உண்டு. எந்தப் பேச்சையும் “எங்கிட்ட இருக்கற ஆட்டோமேட்டிக்” என்று ஆரம்பித்து முடிக்கத் தெரிந்தவர்.

வாங்கும்போது ரசீது எழுதித் தர வேண்டும். அதில் ‘ஆயுதத்தின் நிலை’ என்று ஒரு கட்டம். எல்லா ரசீதிலும் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதினேன். எனக்கு முன்னால் இருந்த ரைட்டரும் அப்படித்தான் எழுதினார். சுட்டுப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடையாது. சுட்டுப் பார்க்காமல் நல்ல நிலை என்று எழுத மட்டும் அனுமதி உண்டு.

அந்த மூன்று வார்த்தைக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது.

### மெமோ

தேர்தல் முடிந்து துப்பாக்கியை வாங்கிப்போன மறுவாரம் அவர் வீட்டுக்கு மகள் வழிப் புதுச் சம்பந்திகள் வந்திருக்கிறார்கள். விருந்து முடிந்ததும் தோப்புக்குக் கூட்டிப்போய், காட்டுப்பன்றி விரட்டுவது எப்படி என்று காட்டுவதற்காக வானத்தைப் பார்த்து நீட்டியிருக்கிறார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி டிக். சம்பந்தி வீட்டு மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தச் சிரிப்புக்குத்தான் ஸ்டேஷன் வாசலுக்கு கார் வந்தது.

மேலதிகாரிக்கு மனுவும் போனது. ஒழுகும் அறையில் வைத்துத் துருப்பிடிக்க விட்டோம், அலட்சியம், பொறுப்பான இடத்தில் பெண்ணை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று மூன்று பக்கம். எங்கள் ஆயுத அறை ஒழுகியதில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது. வாரம் ஒருமுறை துணியால் துடைத்து வைத்ததும் நான்தான்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு மெமோவை நீட்டினார். மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

“ரசீதுல நல்ல நிலைன்னு நீதானம்மா எழுதியிருக்க. நல்லா இருந்தது கெட்டுப்போச்சுன்னா யார் பொறுப்பு?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. இன்னும் நாலு மாதத்தில் எனக்குச் சிறப்பு எஸ்.ஐ. பதவி வரவேண்டிய நேரம். மெமோ தண்டனையாக முடிந்தால் அது தள்ளிப்போகும்.

### நிபுணர்கள்

துப்பாக்கி சுடவில்லை என்றதும் அந்த ஊரில் எத்தனை நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியவந்தது.

இன்ஸ்பெக்டர் முதலில் சேஃப்டி பொத்தானைக் கண்டுபிடித்தார். “இதைத் தள்ளலைன்னா எப்படிச் சுடும்?” என்று தள்ளிவிட்டு, காலித் துப்பாக்கியின் விசையை அமுக்கினார். டிக் என்றது. “பாத்தீங்களா, சரியாயிடுச்சு” என்றார். தோப்பிலும் அது டிக் என்றுதான் சொன்னது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஜீப் டிரைவர், ஸ்பிரிங் போயிருக்கும் என்றார். அவருக்கு எதுவுமே ஸ்பிரிங்தான். அவர் மனைவிக்கு முழங்கால் வலி வந்தபோதும் அதையே சொன்னவர்.

நல்லசிவம் கூடவே அழைத்துவந்திருந்த நண்பர் திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டி முதலாளி. அவர் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “இது ஏர் லாக்குங்க. நம்ம கம்ப்ரஸர்ல வரும் பாருங்க, அதேதான்” என்றார். குழலுக்குள் கண்ணை வைக்கிறவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

தோட்டா பழசு என்ற கட்சியும் இருந்தது. சேலத்திலிருந்து புதுத் தோட்டா வந்தது. நல்லசிவம் அதையும் தோப்பில் வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியோடு திரும்பி வந்தார். அதே டிக். அதே எறும்புக்கடி.

நான் குமாரபாளையத்துத் தறிக்குடும்பம். எங்கள் தறிப்பட்டறையில் மெஷின் ஆயில் தீர்ந்த ஒருநாள், ஒரு ஆள் சோம்பலில் சமையல் எண்ணெயை ஊற்றிவிட்டார். ஒரு வாரத்தில் அது பிசினாக இறுகி, இரண்டு தறி நின்றுபோயிற்று. எங்கப்பா அன்று பேசிய பேச்சை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. அன்றைக்குப் பட்டறையில் வந்த காறிப்போன வாசனை என் மூக்கில் தங்கிவிட்டது.

போல்ட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கிட்டத்தட்ட அதே வாசனை. விளக்கெண்ணெய்.

“எண்ணெய் உள்ள இறுகிக் கெடக்குதுங்கய்யா. அதனால ஊசி வேகமா வந்து குத்த மாட்டேங்குது. இது நம்ம ஸ்டேஷன்ல ஆனதில்ல” என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

“உனக்கு மெமோ குடுத்திருக்கும்மா. நீ கருத்துச் சொல்லக் கூடாது” என்றார்.

நல்லசிவம் சிரித்தார். “தறிக்காரங்க ஊட்டுப் பொண்ணுக்குத் துப்பாக்கியப் பத்தி என்ன தெரியும்? தறியில நாடா ஓட்டற சாமான்னு நெனச்சுட்டாங்களாட்ட.”

போல்ட்டை மூடி வைத்தேன். விளக்கக் கடிதத்தில் மட்டும், ஆயுதப்படையின் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். என்ன காரணத்தாலோ மேலே இருந்தவர் சம்மதித்தார்.

### மலையடிவாரத்தில்

போதமலைப் பக்கம் ஒரு சுடும் திடல். பின்னால் மண்மேடு, தரை முழுக்கச் சரளைக் கல், நிழலுக்கு ஒரு வேம்பு. காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. நல்லசிவம், இன்ஸ்பெக்டர், நான், ஆயுதப்படையிலிருந்து வந்த கலியமூர்த்தி. நாலே பேர்.

கலியமூர்த்தி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமான மனிதர். வாழ்நாள் முழுக்க வெடிச்சத்தம் கேட்டு ஒரு காது மந்தம். அந்த ஊரில் நான் பார்த்தவர்களில், துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் பேச்சை நிறுத்திய முதல் ஆள்.

ஒரே ஒரு தோட்டாவைப் போட்டார். மண்மேட்டைப் பார்த்துப் பிடித்து விசையை அமுக்கினார். டிக்.

உடனே திறக்கவில்லை. அப்படியே மேட்டைப் பார்த்துப் பிடித்தபடி நின்றார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

“என்னங்க, பயமா?” என்றார் நல்லசிவம்.

“சில தோட்டா யோசிச்சிட்டு வெடிக்குங்க. அதுக்குள்ள நாம தொறந்து மூஞ்சியக் காட்டக் கூடாது” என்றார் கலியமூர்த்தி.

இரண்டாவது, மூன்றாவது தோட்டாவும் அப்படியே. ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து அடிப்பொட்டைப் பார்த்து, வரிசையாகத் துண்டின் மேல் வைத்தார். துப்பாக்கியின் இரும்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியிருந்தது. நல்லசிவத்துக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

“எங்கிட்டக் குடுங்க. இத்தன வருசம் புடிச்ச கை. என் கைக்கு அது கேக்கும்.”

“வேணாங்க சார். பிரிச்சுப் பாத்துடலாம்” என்றார் கலியமூர்த்தி.

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். “லைசென்ஸ் அவர் பேர்லதானே இருக்கு. அவர் ஆசையையும் தீர்த்துடுங்க.”

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். மெமோ வாங்கினவள் கருத்துச் சொல்லக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அன்று நடந்ததில் இன்றும் நான் என்னைத் திட்டிக்கொள்வது அதற்குத்தான்.

நல்லசிவம் துப்பாக்கியைக் கைத்தடி பிடிப்பதுபோல் குழல் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டார். தோட்டாவை உள்ளே போட்டார். போல்ட் மூடுவதற்கான பொத்தானை அமுக்கினார்.

வெடித்தது.

அவர் விரல் விசையில் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கை குழலில், ஒரு கை பக்கத்துப் பொத்தானில். போல்ட் போய் மூடிய அதே நொடியில் துப்பாக்கி தானாக வெடித்தது. அவருடைய வலது காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சரளையில் குழி விழுந்தது. தெறித்த கல் ஒன்று என் இடது புருவத்துக்கு மேல் கிழித்துக்கொண்டு போனது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கியதில் கொஞ்ச நேரம் கண்ணே போய்விட்டது என்று நினைத்தேன்.

“நான் ஒண்ணும் பண்ணலீங்க. அதுவா வெடிச்சுதுங்க” என்று நல்லசிவம் சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

சுடவே இல்லை என்று மூன்று பக்கம் மனு எழுதியவர் அவர். இன்ஸ்பெக்டர் எங்கே என்று ஒற்றைக் கண்ணால் தேடினேன். ஜீப்புக்குப் பின்னாலிருந்து தொப்பி மட்டும் தெரிந்தது.

கலியமூர்த்தி முதலில் துப்பாக்கியைப் பிடுங்கி மேட்டுப் பக்கம் திருப்பித் திறந்து வைத்தார். அதன்பிறகுதான் என்னிடம் வந்து கைக்குட்டையைக் கொடுத்தார். அந்த வரிசை சரியானது. வேறு யாராவது இருந்திருந்தால் என்னிடம் முதலில் ஓடிவந்திருப்பார்கள். உள்ளே இன்னொரு தோட்டா இருந்திருந்தால் துப்பாக்கி மறுபடி பேசியிருக்கும்.

### போல்ட்டுக்குள்

ஜீப் பானட்டின் மேல் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அங்கேயே பிரித்தார். போல்ட்டுக்குள் ஓடும் ஊசி, சாய்த்தால் தானாக நழுவி விழ வேண்டும். விழவில்லை. முன்பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. குறட்டால் பிடித்து இழுத்தார். வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழுப்பாக ஒரு பிசின் ஊசி முழுக்க ஒட்டியிருந்தது.

“எண்ணெய் இறுகிப்போய் ஊசிய முன்ன விடல சார். அதான் லேசாத் தொட்டுட்டு நின்னுக்கினு இருந்துச்சு. இன்னிக்கி வெயில்ல பிசின் கொஞ்சம் எளகி, அடி வாங்கி வாங்கி முன்னால வந்து அங்கியே சிக்கிக்கிச்சு. நீட்டிக்கினு நிக்கற ஊசி மேல போல்ட்டு தோட்டாவக் கொண்டுபோய் மோதுனா வெடிக்காம இன்னா பண்ணும்? சுடாததுக்கும் தானா சுட்டதுக்கும் ஒரே காரணந்தான்” என்றார்.

பிறகு நல்லசிவத்தைப் பார்த்து, “இது நாலு மாசத்துல கட்டுன பிசின் இல்லீங்க. வருசக்கணக்கா மேல மேல ஊத்தியிருக்காங்க” என்றார்.

நல்லசிவம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆயுத பூசைக்கு ஊட்டுல பொம்பளைங்க எண்ணெயப் போட்டுத் தொடைப்பாங்க. அதுகளுக்கு என்னங்க தெரியும்?”

இதைக் கேட்டு நானும் உள்ளுக்குள் இளக்காரமாகச் சிரித்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். குத்துவிளக்குக்குப் போடுவதைத் துப்பாக்கிக்குப் போட்டிருக்கிறாள் யாரோ ஒரு விவரம் கெட்டவள் என்று நினைத்தேன். எங்கள் ஸ்டேஷன் துப்பாக்கிகளுக்கும் வருடா வருடம் சந்தனமும் குங்குமமும் வைப்பது நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

### இளநீர்

அரசு ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் இளநீரோடு வந்தார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. திடல்ல கல்லு தடுக்கி விழுந்தேன்னு பொது டைரியில எழுதிடு. நல்லசிவம் மனுவை வாபஸ் வாங்கறாரு. மெமோவை நான் கிழிச்சுப் போட்டுடறேன். நாலு மாசத்துல தோள்ல நட்சத்திரம் வெச்சுக்க.”

“துப்பாக்கிங்கய்யா?”

“சுத்தம் பண்ணிக் குடுத்துடலாம். அவருக்கும் மானம் இருக்குல்ல.”

இளநீரைக் குடித்தேன். நல்ல இளநீர். ஸ்டேஷனுக்குப் போய் டைரியைத் திறந்தேன்.

பெரிய வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. விழுந்தேன் என்று எழுதச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. நான் விழவில்லை. நேராக நின்றுகொண்டிருந்தேன். யார் துப்பாக்கியைக் கொடுக்கச் சொன்னார், யார் வாங்கினார், குழல் எந்தப் பக்கம் பார்த்தது, எப்படி வெடித்தது என்று வரிசையாக எழுதினேன். கடைசியில், வாங்கும்போது சோதிக்காமலேயே ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று நானே எழுதினேன் என்பதையும் சேர்த்தேன். மற்றவர்கள் செய்ததை எழுதிவிட்டு என்னுடையதை விட்டுவிட்டால் அது டைரி ஆகாது.

நடந்தது இதுதான். நான் ஒப்புக்கொண்ட அந்தக் கடைசி வரிக்கு எனக்குத் தண்டனை வந்தது. பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. வெடித்த நேரத்தில் தான் போனில் பேசிக்கொண்டிருந்ததாக இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிடைத்த நன்மை ஒன்றே ஒன்று. துப்பாக்கி மறுபடி ஆயுத அறைக்குள் வந்தது. லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து நல்லசிவத்துக்கு நோட்டீஸ் போனது.

அவரும் சும்மா இல்லை. பழுதுபார்த்த சான்றிதழ், சிபாரிசுக் கடிதம், வக்கீல். இரண்டு மாதத்தில் துப்பாக்கி வீட்டுக்குப் போய்விடும் என்று ஸ்டேஷனில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

### பழனியம்மாள்

ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சுங்குடிச் சேலை, கையில் ஒரு வயர் கூடை. டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறார். டிக்கெட் இன்னும் விரலிடுக்கில் இருந்தது.

“நாந்தானுங்க நல்லசிவம் ஊட்டுக்காரி. பழனியம்மா” என்றார். உட்காரவில்லை. என் புருவத்தையே பார்த்தார். “எத்தன தையலுங்க?”

“நாலுங்க. ஆறிப்போச்சு. உக்காருங்க.”

“கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்களே?”

“இல்லீங்க.”

அதன்பிறகுதான் உட்கார்ந்தார். கணவருக்காகப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து, அதற்கான பதிலையும் தயாராக வைத்துக்கொண்டேன். துப்பாக்கிக்கு விளக்கெண்ணெய் போடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கவும் எண்ணம்.

“தொடைக்கறதுக்கு விளக்கெண்ணெய் போட்டது நீங்கதானுங்களா?” என்று ஆரம்பித்தேன்.

“தொடைக்கறதுக்குப் போடலீங்க. நிக்கறதுக்குத்தான் ஊத்துனன்.”

எனக்கு உடனே புரியவில்லை. அவரே சொன்னார். குரல் உயரவே இல்லை.

“மவன் அவனா ஒரு புள்ளயப் பாத்துக் கட்டிக்கறேன்னு சொன்னப்ப, ஊட்டுக்குள்ளயே மேல மச்சப் பாத்துச் சுட்டாரு. அந்த ஓட்டை இன்னும் இருக்குது. மவன் பெங்களூரு போனவன் வரவே இல்ல. அன்னிக்கிருந்து சோத்துல உப்புக் கொறைஞ்சாக்கூடத் துப்பாக்கி அவுரு மடியில வந்து உக்காந்துக்கும். பூசைக்குத் தொடைச்சு வெக்கறது என் வேலைங்க. எங்கம்மா ஊட்டுத் தையல் மிசினு விளக்கெண்ணெய் ஊத்தித்தான் நின்னு போச்சு. அது எனக்குத் தெரியும். தோட்டா போடற சந்துல ஊத்திச் சாச்சு வெச்சன். மறு வருசமும் ஊத்துனன். அப்பறம் வருசா வருசம்.”

“அவுரு சுட்டுப் பாக்கலீங்களா?”

“எங்கீங்க. காட்டறதோட சரி.” கூடையைக் கீழே வைத்தார். “தேர்தலுக்கு முன்னால, தை மாசம், ஒருநாள் என்னயப் பாத்து நீட்டி அமுக்குனாரு. டிக்குன்னுச்சு. வெளையாட்டுக்குத்தான், உள்ள தோட்டா இல்லீன்னு சிரிச்சாரு. அவுரு குளிக்கப் போனப்பறம் தொறந்து பாத்தன். தோட்டா இருந்துதுங்க. குண்டியில பொட்டாட்டத் தடம்.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“தெரிஞ்சு அமுக்குனாரா, தெரியாம அமுக்குனாராங்கறது எனக்கு இன்னிக்கும் தெரியாதுங்க. கேக்கவும் இல்ல” என்றார். “ஆனா நான் ஊத்துன எண்ணெயால அது தானா வெடிச்சு உங்க மேல பட்டுப்போச்சு. அதச் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது. அதுக்குத்தான் வந்தன்.”

இத்தனை நாள் வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து எழுதியவள் நான். அந்தப் பிசினைப் பார்த்தபோது, ஒரு விவரம் கெட்டவள் என்பதற்கு மேல் என் மூளை போகவில்லை.

“அது திரும்பி வராம இருக்கறதுக்கு எங்க எழுதிக் குடுக்கோணுங்க?” என்று கேட்டார்.

லைசென்ஸ் வைத்திருப்பவரின் வீட்டில் இருப்பவர்களே உயிருக்குப் பயம் என்று எழுதிக் கொடுத்தால் எந்தச் சிபாரிசும் எடுபடாது என்று சொன்னேன். மனு போகும்போது நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றும் சொன்னேன். மகனுக்கு ஏற்கெனவே போன் செய்துவிட்டதாகச் சொன்னார். சாயங்காலப் பஸ். கூடைக்குள் இரண்டு சேலை இருந்தது.

வெள்ளைத் தாளை எடுத்து, பேனா மூடியைத் திறந்து, “நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். கடைசியில கைநாட்டு வெச்சாப் போதும்” என்றேன்.

பழனியம்மாள் என்னைப் பார்த்தார். நல்லசிவம் பார்த்தபோதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பார்வையில்தான் உடம்பு கூசியது.

“நான் பத்தாவது பாஸ் பண்ணுனவளுங்க. தாளக் குடுங்க” என்றார்.

கொடுத்தேன். மேசை ஓரத்தில் தாளை நேராக வைத்து, நிறுத்தாமல் ஒன்றரைப் பக்கம் எழுதினார். துப்பாக்கி பற்றியும் மச்சு ஓட்டை பற்றியும் தை மாதம் பற்றியும் எண்ணெய் பற்றியும் எதையும் விடவில்லை. எனக்குக் காயம் பட்டதையும் தன் பொறுப்பு என்றே எழுதியிருந்தார். அடுத்த மாதத்தில் நல்லசிவத்தின் லைசென்ஸ் ரத்தானது அந்த ஒன்றரைப் பக்கத்தால்தான். எண்ணெய்க்காகப் பழனியம்மாள்மீது யாரும் வழக்குப் போடவில்லை. போடச் சொல்லி நானும் எழுதவில்லை.

முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினார். ரைட்டர் புத்தியில் பேனாவோடு படித்தேன். திருத்துவதற்கு ஒரு எழுத்துக்கூட இல்லை.

“ரசீது குடுப்பீங்களாம்மா?” என்றார். எழுதிக் கொடுத்தேன். முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்துக் கூடைக்குள் வைத்தார்.